இரண்டு விரல் ஓரம்

பரகாத்துக்குக் கோணல் ஆகாது. ரொட்டியைப் பிட்டால்கூட இரண்டு பாதியும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். தொழுகை வரிசையில் பக்கத்து ஆளின் கால் பெருவிரல் ஒரு கோதுமை அளவு முன்னே நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கு அவர் தொழுகை அவ்வளவுதான், மனசு முழுக்க அந்தப் பெருவிரலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் கிழக்கு வாசலில் படி இறங்கினால் புத்தகம் கட்டுகிறவர்களின் கடைகள். பதினேழு பேர் இருந்தார்கள். பதினாறு பேர் கட்டிய புத்தகத்தைப் படுக்க வைக்கத்தான் முடியும். பரகாத் கட்டியதை நிமிர்த்தி வைத்தால் அப்படியே நிற்கும், மேலே ஒரு கிண்ணம் மோரும் வைக்கலாம். வைத்துக் காட்டியும் இருக்கிறார், மோர் கொட்டவில்லை. பிள்ளை கிடையாது அவருக்கு. ஆனாலும் இன்னாருடைய தகப்பன் என்று கூப்பிடாவிட்டால் இந்த ஊரில் மரியாதையாகாதே. எனவே சந்தையே அவருக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தது. ஓரம் அறுக்க அவர் வைத்திருந்த முழ நீளக் கத்தியை முன்னிட்டு, அபூ சைஃப், வாளுக்குத் தகப்பன். அவருக்கு அதில் பெருமைதான்.

வீடு மலைச்சரிவில், ஸாலிஹிய்யாவில். காலையில் இறங்கிக் கடைக்குப் போவார், மாலையில் முட்டி வலிக்க ஏறி வருவார். வீட்டில் மனைவி ஹதியா. பஞ்சு கொட்டுகிற கானிமின் ஒரே மகள், வயது ஐம்பத்தைந்து, வாய்க்கு வயது ஆகவில்லை. கால்வாயில் துணி அலசப் போனால் அவள் சொல்லும் கதை ஒன்றுதான். தெருவுக்கே மனப்பாடம்.

"நான் ஷைகு முஃபரிஜ்கிட்டக் கேட்டவளாக்கும். வாப்பா என்னய மடியில வச்சிருந்தாவ. ஷைகுக்குத் தாடி இந்தா, இடுப்பு வரைக்கும். உலந்த திராட்ச கொடுத்தாவ எனக்கு. ஒரு வார்த்த விடாம கேட்டேன்."

"அஞ்சு வயசுல ஒரு வார்த்த விடாமயா?" என்பாள் எதிர்வீட்டு நாஸிரின் உம்மா. "எங்க நாஸிரு அந்த வயசுல மூக்க நோண்டிக்கிட்டுத் தூங்கிப் போவான்."

"ஒம் மகன் தூங்குவான். நான் முழிச்சிருந்தேன். கண்ணு சொக்கிரக் கூடாதுன்னு வாப்பா தொடயில கிள்ளிக்கிட்டே இருந்தாவ. வீட்டுக்கு வந்ததும் உம்மா பாத்துட்டு, புள்ளய இப்பிடியா கன்னிப்போகக் கிள்ளுவியன்னு சண்ட போட்டா. இதவிட என்ன அத்தாச்சி வேணும்?"

தெரு சிரிக்கும். ஆனால் அது சின்ன விஷயமில்லை என்று சிரித்தவர்களுக்கும் தெரியும். நபியின் சொல்லை ஏட்டில் பார்த்துப் படித்தவனுக்கு இங்கே மதிப்பில்லை. வாயிலிருந்து காதுக்கு வந்திருக்க வேண்டும். ஷைகின் முன்னால் ஒருவர் ஏட்டை வாசிப்பார், கூட்டம் கேட்கும். முடிந்ததும் எழுத்தர் ஒருவர் உட்கார்ந்து, யார் யார் கேட்டார்கள், யார் பாதியில் வந்தார், யார் பக்கத்து ஆளோடு கதையளந்தார், யார் தூங்கினார் என்பது வரை ஒளிவுமறைவில்லாமல் அந்த ஏட்டிலேயே எழுதி வைப்பார். பெயர் இருந்தால், கேட்டவர் பிற்பாடு இன்னொருவருக்கு அதைக் கொடுக்கலாம். தூங்கினவருக்கு அந்த உரிமை கிடையாது. தொண்ணூறு வயது ஷைகிடம் ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊர்த் தகப்பன்கள் ஓடுவது இதற்காகத்தான். பிள்ளைக்குத் தலை நரைக்கும்போது, நடுவில் இரண்டு தலைமுறையை அந்தச் சொல் ஒரே எட்டில் தாண்டியிருக்கும்.

கானிமும் அப்படித்தான் ஓடினார். மூன்று வருஷம் கழித்து மங்கோலியத் தாத்தாரிகள் மலைச்சரிவில் ஏறினார்கள். பள்ளிகள் எரிந்தன, ஏடுகள் எரிந்தன. கானிமைத் தன் வீட்டு வாசலிலேயே, கையில் பஞ்சு வில்லோடு வெட்டிப் போட்டார்கள். ஹதியாவிடம் அவர் விட்டுப்போனது அந்த ஒரு நாள்தான்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள், மதரஸா நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற மின்ஹால் ஒரு துணிமூட்டையோடு கடைக்கு வந்தார். மின்ஹாலுக்கு இருமல், பேசுவதைவிட இருமுவது அதிகம்.

"அபூ சைஃப், பதினோரு சின்ன ஏடு இருக்கு. தாத்தாரிக்குத் தப்புனது. தனித்தனியாக் கெடந்தா எலி கொண்டு போயிரும். எல்லாத்தயும் ஒரே புத்தகமாக் கட்டிக் குடும்."

பரகாத் மூட்டையைப் பிரித்தார். முகம் சுருங்கியது. ஒன்று கை அகலம், ஒன்று முக்கால் கை, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை.

"என்னவே இது, சந்தையில ஆடு வாங்குன மாதிரி. ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வராதே!"

"ஒத்து வராட்டா என்ன? ஓரத்த ரொம்ப அறுத்துராதியும். ஓரத்துலல்லாம் எழுத்து கெடக்கு." மின்ஹால் இருமினார். "கேக்குதா?"

"முப்பது வருஷமாக் கட்டுதேன், எனக்குச் சொல்லித் தாறீராக்கும்."

கேட்டது. கேட்டதை மனசிலும் வைத்திருந்தார். ஒவ்வொரு ஏட்டின் கடைசித் தாளையும் புரட்டி, பெயர்ப் பட்டியல் தாளின் உடம்புக்குள் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. தைத்தார். முதுகுக்குப் பசை தடவினார், தலையிலும் காலிலும் பட்டு நூலால் பின்னல் போட்டார். பிறகு நடுவில் நின்ற ஓர் ஏட்டைப் பார்த்தார். மற்றவையெல்லாம் ஒரு மட்டத்துக்கு வந்துவிட்டன. இது மட்டும் வரிசையில் நீட்டிய பெருவிரல் மாதிரி இரண்டு விரல் வெளியே நின்றது. அதன் கடைசித் தாளுக்கு முந்தின தாளில், ஓரத்தில் மேலிருந்து கீழாக நெருக்கிப் பிடித்து ஏதோ பொடி எழுத்து. யாரோ வாசகன் கிறுக்கியிருக்கிறான் என்று நினைத்தார். உண்மையைச் சொன்னால், அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்திருக்கலாம். மத்தியானத் தொழுகைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், வயிறும் பசித்தது. புத்தகத்தை அழுத்துப் பலகையில் இறுக்கினார். கத்தியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மரச் சீவல் மாதிரி சுருண்டு விழுந்தது ஓரம். கூடையில் எடுத்துப் போட்டார்.

மறுவாரம் புத்தகத்தை நிமிர்த்தி வைத்து மின்ஹாலுக்குக் காட்டினார்.

"நிக்குது பாத்தீரா."

மின்ஹால் இருமிக்கொண்டே வாங்கிப் போனார். திறந்து பார்க்கவில்லை. நூலகக்காரர்களுக்குத் திறந்து பார்க்கிற வழக்கம் குறைவு.

குளிர் இறங்கிய பிறகு அலெப்போவிலிருந்து ஹம்தான் என்றொருவர் வந்தார். நாற்பது வயது, ஒட்டகத்தில் வந்த களைப்பு தெரியாத ஆள். ஊர் ஊராகப் போய், இன்ன ஷைகிடம் கேட்டவர்களில் யார் உயிரோடிருக்கிறார்கள் என்று விசாரிப்பதுதான் வேலை. உயிரோடு ஒருவர் கிடைத்தால் அவர் முன்னால் உட்கார்ந்து ஏட்டை வாசித்துவிட்டு, அவர் மூலமாக எனக்கு வந்தது என்று எழுதிக்கொண்டு போவார். ரொட்டிக்கடை வாசலில் நின்று, ஷைகு முஃபரிஜிடம் கேட்டவர்கள் யாராவது மிச்சமா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ரொட்டி வாங்க வந்திருந்தது நாஸிரின் உம்மா. ஐம்பது வருஷம் கேலி பண்ணினவள்தான். ஆனால் வெளியூர்க்காரனிடம் சொல்ல ஒரு சங்கதி கிடைத்தால் விடுவாளா?

"எங்க தெருவுலயே ஒருத்தி இருக்காள்லா!"

அன்று மாலை பரகாத் ஏறி வந்தபோது வீட்டில் நாலு பெண்கள் இருந்தார்கள். அடுப்பில் பருப்பும் கீரையும் கொதித்து அடியில் பிடித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

"இங்க வாங்க, வந்து கேளுங்க," என்றாள் ஹதியா. முகம் சிவந்திருந்தது. "அலெப்போலேருந்து ஒரு ஷைகு வந்தாவ. வாசல்லயே நின்னு, நீங்க பஞ்சு கொட்டுத கானிம் மகளான்னு கேட்டாவ. வாப்பா பேரு அவியளுக்குத் தெரிஞ்சிருக்கு! அவிய ஊருல ஒரு கெழவரு, போன வருஷம் மவுத்தா போனவரு, அன்னைக்கு இருந்தாராம். பஞ்சுக்காரர் மடியில ஒரு பொம்பளப்புள்ள இருந்துச்சுன்னு சொல்லிருக்காரு. கேட்டவங்கள்ல இப்ப உசுரோட இருக்கது நான் ஒருத்திதானாம். இந்த ஷாம் நாட்டுலயும் அங்க மிஸ்ரு நாட்டுலயும் வேற ஆளே இல்லயாம்."

"இனிமே இவள நாம ஷைகான்னுல்லா கூப்பிடணும்," என்றாள் நாஸிரின் உம்மா. "ஷைகா, பருப்பு கருகுது."

"கருகட்டும். வியாழக்கிழம ஏட்டக் கொண்டு வாராவளாம். எம் பேரு இருக்கான்னு பாத்துட்டு, எனக்கு முன்னால வச்சு வாசிப்பாவளாம். நான் வாயே தொறக்க வேண்டாம். தெரைக்குப் பின்னால இருந்து கேட்டாப் போதும். பொறவு அவிய எழுதிக்கிடுவாவ, கானிம் மகள் ஹதியாகிட்ட கேட்டோம்னு. வாப்பா பேரு ஊரு ஊரா போகும்."

பரகாத் செருப்பைக் கழற்றி ஜோடியாக, நேராக வைத்தார்.

"எந்த ஏடு?"

"மதரஸாவுல இருக்காம். ஒண்ணே ஒண்ணுதான் தப்பிச்சுதாம். நல்ல காலம், போன மாசம்தான் யாரோ புதுசாக் கட்டிக் குடுத்திருக்காவளாம், இல்லன்னா எலி தின்னுருக்கும்னு சொன்னாவ."

"யாரோ இல்லளா, ஒம் புருசனாத்தான் இருக்கும்," என்றாள் நாஸிரின் உம்மா. "மின்ஹாலுக்கு வேற ஆரு கட்டுதா?"

ஹதியா கையைத் தட்டினாள். "நீங்களா? எம் பேரு இருக்க ஏட்டத் தொட்டுட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே!"

"பதினோரு ஏடு இருந்துச்சு. எது எதுன்னு யாரு பாத்தா," என்றார் பரகாத். நேராக இருந்த செருப்பைக் குனிந்து மறுபடியும் நேராக்கினார்.

கருகிய பருப்பை அவர் ஒன்றும் சொல்லாமல் தின்றதைப் பெண்கள் பார்த்தார்கள். மனைவி பெரிய மனுஷி ஆகப்போகிறாள் என்றதும் மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டே போனார்கள்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போகும் வழியில் மதரஸாவுக்குள் நுழைந்தார். தையல் ஒன்று பார்க்க வேண்டும் என்று மின்ஹாலிடம் சொன்னார். புத்தகத்தை எடுத்து ஜன்னலோரம் போனார். நடு ஏட்டின் கடைசித் தாளில் பட்டியல். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். கட்டுகிறவருக்கு அவ்வளவு படிப்புதான். இருபத்திரண்டு ஆண்கள். பஞ்சு கொட்டும் கானிம், அவர் பெயரும் இருந்தது. கடைசியில் ஒரு வரி: *பெண்களும் பிள்ளைகளும் இடமின்மையால் முந்தின தாளின் ஓரத்தில்.*

முந்தின தாளைப் புரட்டினார். ஓரம் வழவழவென்று, வெண்ணெய் அறுத்த மாதிரி இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். அவர் வேலையில் ஒரு பிசிறு கிடையாது.

"தையல் நல்லாருக்கா?" என்று மின்ஹால் இருமினார்.

"நல்லாருக்கு."

ஹதியாவிடம் அன்றே சொல்லியிருக்கலாம். செவ்வாய் ராத்திரி வாயைத் திறந்தார். அவள் வாப்பாவின் பழைய சால்வையை முகர்ந்துகொண்டிருந்தாள், மூடிக்கொண்டார். புதன்கிழமை காலை வாயைத் திறந்தார். அவள் திரைத் துணியைக் கட்டச் சொன்னாள். கட்டினார். கோணலாக இருக்கிறது என்று அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அவள் உலர்ந்த பாதாமிப் பழத்தை ஊற வைத்தாள், கொட்டைகளை உரித்தாள், தெருவிலிருந்து பாய்கள் இரவல் வாங்கினாள். வாசலில் கால்வாய்த் தண்ணீர் தெளித்தாள். தெளித்த தண்ணீர் உறைந்து, சுண்டல்காரன் வழுக்கி விழுந்தான். அதற்கும் தெரு சிரித்தது. பட்டியல் இன்னும் எங்கேயாவது இருக்கும், அந்த அலெப்போக்காரரிடம் பிரதி இருக்கும், அல்லது வழியில் பனி விழுந்து அவர் வராமலே போவார் என்று பரகாத் யோசித்துக்கொண்டிருந்தார். நாலாவது வழி ஒன்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பனி விழுந்தது, ஆனாலும் வந்தார்கள். வியாழன் முற்பகல், ஹம்தானும் இன்னும் ஆறு பேரும், தோளில் பனியோடு. மின்ஹால் புத்தகத்தைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஹதியா. நாஸிரின் உம்மாவும் மற்றப் பெண்களும் சமையலறை வாசலில் அடைந்துகொண்டார்கள்.

ஹம்தான் நயமான ஆள். முதலில் திரையைப் பார்த்து சலாம் சொன்னார், கானிமுக்காகத் துஆ செய்தார். அப்புறம் புத்தகத்தை மடியில் விரித்தார். "நல்லாக் கட்டிருக்காவ," என்றார் பரகாத்தைப் பார்த்து. பரகாத் கூரையைப் பார்த்தார்.

பட்டியலை உரக்க வாசித்தார். ஒவ்வொரு பெயர் முடிந்ததும் அவர் கூட வந்தவர்கள் 'அல்லாஹ் கிருபை செய்யட்டும்' என்றார்கள். கானிம் பெயர் வந்தபோது திரைக்குப் பின்னால் ஒரு மூச்சு. கடைசி வரி வந்தது. முந்தின தாளைப் புரட்டினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், தாளை வெளிச்சத்துக்குத் தூக்கினார். அதற்கு முந்தின தாள். பிந்தின தாள். அறையில் யாரும் இருமக்கூட இல்லை, மின்ஹால் உட்பட.

"ஓரம் இல்லயே," என்றார் ஹம்தான் மெதுவாக.

மின்ஹால் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். "அபூ சைஃப்! அறுக்காதியும்னு சொன்னனா இல்லயா?"

"மத்ததோட ஒத்து வரல," என்றார் பரகாத்.

திரைக்குப் பின்னாலிருந்து ஹதியாவின் குரல் வந்தது, யாரோ சின்னப் பிள்ளை பேசுகிற மாதிரி.

"ஷைகு, நான் இருந்தேன். திராட்ச கொடுத்தாவ. வாப்பா கிள்ளுனாவ. நான் முழிச்சிருந்தேன்."

"நம்புதேன் தாயே. நான் நம்புதேன்." ஹம்தான் தாடியைத் தடவினார். "ஆனா நான் நம்புனாப் போதாது. நாளைக்கு ஒருத்தன் எங்கிட்டக் கேப்பான், பேரு எங்க இருக்குன்னு. முழிச்சிருந்தாவன்னு எழுதுனவரு எங்கன்னு. எழுத்து வேணும். நபியோட சொல்லு இது, நான் வச்சா கூடும், எடுத்தாக் கொறையும்னு வெளயாட முடியுமா?" எழுந்துகொண்டார். "சனிக்கிழம விடியல்ல ஒட்டகக் கூட்டம் அலெப்போவுக்குக் கெளம்புது. அதுக்குள்ள அந்தத் துண்டு கெடச்சா ஆளனுப்புங்க. ஓடி வாரேன்."

பாதாமியை ஒருவரும் தொடவில்லை. ஆறு பேரும் செருப்பு மாட்டும்போது பரகாத்தின் முகத்தைப் பார்க்காமல் மாட்டினார்கள், அதுவும் ஒரு தனி வித்தைதான்.

போன பிறகு பெண்கள் உள்ளே வந்தார்கள். ஹதியா திரையை ஒரே இழுப்பில் கழற்றினாள்; ஆணி சுவர்க் காரையோடு பெயர்ந்து வந்தது.

"முப்பத்தஞ்சு வருஷம் ஒமக்கு ரொட்டி சுட்டேன்," என்றாள். "ஒரு தடவ நீரு நேரா இல்லாதத சகிச்சிருந்தா என்ன? ஒரு தடவ?"

"தெரியலளா. கிறுக்கல்னு நெனச்சேன்."

"செவ்வாக்கிழம தெரியுமா தெரியாதா?"

பரகாத் பெயர்ந்து விழுந்த ஆணியைக் குனிந்து எடுத்தார்.

"தெரிஞ்சுமா தெரைய நேராக் கட்டுனீரு?"

நாஸிரின் உம்மாவுக்குத் தாங்கவில்லை. கேலி பண்ணினாலும் தெருக்காரி. குரலைத் தாழ்த்தினாள். "ஏளா, இதுக்குப் போய் என்ன? இவரு சந்தையில எழுதுதவன் எத்தன பேரு! பழைய தாளு ஒண்ணு, பழைய மை கொஞ்சம். ரெண்டு விரல் அகலத்துல நாலு பேரு. ஹதியா, முழிச்சிருந்தான்னு எழுதி நீட்டுனா, அந்த அலெப்போக்காரருக்கு என்ன தெரியப்போவுது?"

பரகாத் நிமிர்ந்து பார்த்தார். நாலாவது வழி. அப்படி எழுதக்கூடிய ஆள் ஒருவனை அவருக்குத் தெரியும், அவருக்குக் கடன்பட்டவனும்கூட.

"வாய மூடு நாஸிரும்மா," என்றாள் ஹதியா. "நபி பேர்ல பொய்யா? எங்க வாப்பா பேருக்குப் பக்கத்துலயா? அதுக்கு இந்த மனுசன் அறுத்ததே தேவல." பிறகு புருஷனிடம் திரும்பினாள். அழவில்லை, அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அறுத்தத என்ன செஞ்சீரு?"

"கூடையில போட்டேன். அட்டைக்குள்ள வச்சு ஒட்டுதது வழக்கம்."

"எந்த அட்ட?"

"அந்த வாரம் ரெண்டு ஜோடி செஞ்சேன். ஒண்ணு போயிட்டு. ஒண்ணு குளுருல காயாமக் கெடக்கு."

"அப்ப இங்க நின்னு என் மொகத்த ஏன் பாக்கீரு?"

பனியில் இறங்குவது ஏறுவதைவிட மோசம். இரண்டு தடவை விழுந்தார். சந்தையில் பாதிக் கடை மூடியிருந்தது. திறந்திருந்த பாதிக்குச் சங்கதி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. "அபூ சைஃப், எங்க வீட்டு நிக்காஹ் பத்திரம் கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கு, அறுத்துத் தாரீரா?" என்று ஒருவன் கேட்டான். அவர் தன் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அட்டை ஜோடி சுவரோரம் கல்லுக்கு அடியில் இருந்தது. தாள் மேல் தாளாகக் கிழங்குப் பசை தடவி, ஓரத் துண்டுகளை நடுவில் நிரவி, தட்டித் தட்டிச் செய்தது. கரி அடுப்பில் தண்ணீர் வைத்தார். நனைத்த துணியை அட்டைமேல் போட்டு, ஊறக் காத்திருந்து, எலும்புக் கத்தியின் முனையால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். அதிகம் நனைந்தால் மை ஓடிவிடும், குறைந்தால் தாள் கிழியும். முதல் அட்டையில் ஒரு மளிகைக்காரனின் கடிதம் வந்தது, பாதிப் பாட்டு ஒன்று வந்தது, யாரோ கடுக்காய் கேட்டு எழுதிய சீட்டு வந்தது. அவர் வாய் எதையோ ஓதிக்கொண்டே இருந்தது. கிடைக்கட்டும் என்று கேட்டார், இத்தனை வருஷத்தில் பிள்ளைக்குக்கூட அப்படிக் கேட்டதில்லை. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கின.

பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கூப்பிட்ட நேரம், இரண்டாவது அட்டையின் நடுவில், அது இருந்தது. சுருளாமல், மடங்காமல், நேராக. அவர்தான் வைத்தாரே, நேராகத்தான் இருக்கும். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். மை ஓடவில்லை.

பரகாத் அதைக் கண்ணாடிச் சில்லின்மேல் ஏந்தி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். எழுத்துக் கூட்டினார். காதருடைய மனைவி, முழுதும் கேட்டார். நெய்கிறவரின் மகன், நாலு வயது, விளையாடிக்கொண்டிருந்தான். அடுத்தது:

*பஞ்சு கொட்டும் கானிமின் மகள் ஹதியா, ஐந்து வயது, தகப்பன் மடியில். ஆரம்பம் முதல் முடிவு வரை உறங்கினாள். தகப்பன் பலமுறை கிள்ளியும் விழிக்கவில்லை.*

மறுபடி முதலிலிருந்து எழுத்துக் கூட்டினார். எழுத்துக் கூட்டுவதில் தப்பு வருகிற ஆள்தானே என்று மூன்றாம் முறையும் பார்த்தார். எழுதியவர் கை சுத்தமான கை. ஒரு புள்ளி பிசகவில்லை.

அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்தார். அப்படியென்றால் அவளிடமிருந்து அவர் ஒன்றையும் அறுக்கவில்லை. அறுக்க அங்கே ஒன்றும் இருந்திருக்கவில்லை. இந்தத் துண்டைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தால் சந்தை நாளைக்கே வாயை மூடும், மின்ஹால் வந்து மன்னிப்புக் கேட்பார், அவருடைய முப்பத்தைந்து வருஷத்து ரொட்டியும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஒரு சாண் தாள்தான். அப்புறம் அவள் கால்வாய்க்குத் துணி அலசப் போவாள். போய் என்ன சொல்வாள்? அந்தத் திராட்சையை என்ன செய்வாள்? தொடையில் கிள்ளின கையை என்ன செய்வாள்?

உட்கார்ந்தே இருந்தார். அஸர் தவறிப்போகும் போலிருந்தபோது எழுந்தார். பசைச் சட்டியைச் சூடாக்கினார். தாள்களை மறுபடி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார், மளிகைக்காரன் கடிதம், கடுக்காய்ச் சீட்டு, பாதிப் பாட்டு. நடுவில் அந்தத் துண்டு. எழுத்து உள்பக்கமாக. பசை தடவி, மேலே தாள் வைத்து, மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். அட்டை முன்பு மாதிரி வரவில்லை, ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அப்படியே விட்டுக் கல்லைத் தூக்கி வைத்தார்.

வீட்டுக்கு ஏறி வந்தபோது தெருவே வாசலில் நின்றது. ஹதியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கெடச்சுதா?"

"தண்ணியில கரஞ்சு போச்சு," என்றார் பரகாத். "மை நிக்கல. நாந்தான் அவசரப்பட்டு நெறயத் தண்ணி விட்டுட்டேன்."

ரெண்டாம் தடவையும் நீரா என்கிற மாதிரி அவரைப் பார்த்தாள். உள்ளே போய் அந்தப் பாதாமிக் கிண்ணத்தைக் கோழிக்குக் கொட்டினாள்.

சனிக்கிழமை விடியலில் கூட்டம் அலெப்போவுக்குப் போனது. ஒரு மாதம் கழித்து அந்தக் கோண மூலை அட்டை ஒரு வைத்திய நூலுக்குப் போனது, நூல் திரிபோலிக்குப் போனது. மின்ஹால் இப்போது வேறு ஆளிடம் கட்டுகிறார். பரகாத்தைச் சந்தையில் அபூ சைஃப் என்று கூப்பிடும்போது இப்போது ஒரு சிரிப்பும் சேர்ந்து வருகிறது. ஹதியா அவருக்கு ரொட்டி சுடுகிறாள், தட்டில் வைக்கிறாள். பேச வேண்டியதைக் கோழியிடம் பேசுகிறாள்.

பனி உருகி, கால்வாயில் தண்ணீர் கலங்கலாக ஓடிய நாளில் பெண்கள் துணி அலசினார்கள். பரகாத் கடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார், பாலத்தில் கால் வைத்தவர் நின்றார்.

"எம் பேரு இருந்துச்சு," என்று ஹதியா யாரோ புது மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "முழிச்சிருந்தான்னே எழுதிருந்துச்சு. இந்த மனுசன் அறுத்துட்டாரு."

"எழுதிருந்தத நீ பாத்தியா?" என்றாள் நாஸிரின் உம்மா, பழக்க தோஷத்தில். "தூங்கிப் போயிருப்ப."

ஹதியாவின் கையில் துணி அப்படியே நின்றது. அப்போதுதான் பாலத்தில் நின்றவரை எல்லாரும் பார்த்தார்கள்.

"தூங்கல," என்றார் பரகாத். "எழுதிருந்துச்சு. நாந்தான் அறுத்தேன்."

ஹதியா துணியைக் கல்லில் ஓங்கி அறைந்தாள். அவர் மேலெல்லாம் கலங்கல் தண்ணீர் தெறித்தது. துடைத்துக்கொள்ளாமல் இறங்கிப் போனார்.